எல்ஸ்பெத்தின் வண்டியில் கை வைக்கக் கூடாது

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் எல்ஸ்பெத் லோகி அடுத்தவர் வண்டியைச் சுற்றி வருகிறார். கட்டாவிட்டால் எதையாவது பிடுங்கிப் போட்டுவிடுவோமோ என்று அந்த அம்மாளுக்கே பயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்ட் சால்மர்ஸ் துறைமுக வேலியோரம், கப்பலுக்குக் காத்திருக்கும் மரக்கட்டைகளின் பிசின் வாசனைக்கு நடுவே, எங்கள் பழைய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். எல்ஸ்பெத் ஒவ்வொன்றின் முன்னும் குனிவார். மூக்கு உரசிவிடும் தூரம்வரை போவார். கைப்பிடி மாறியிருந்தால் நாக்கைத் தட்டி ஒரு "த்சொ". பெட்ரோல் டேங்க் வேறு வண்டியுடையதாக இருந்தால் இரண்டு. வண்டிக்காரர் பக்கத்திலேயே தேநீர்க் குவளையுடன் நின்றுகொண்டிருப்பார் என்பது ஒரு பொருட்டே இல்லை. ராவிரியின் வண்டிக்கு முன்னால் மட்டும் சத்தம் வராது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்.

ராவிரி படகுப் பட்டறையில் வெல்டர். எல்ஸ்பெத்தைவிட நான்கைந்து வயது இளையவர், இரண்டு மடங்கு அகலமான ஆண்பிள்ளை, நரைத்த முடியை ஒற்றைச் சடையாகப் பின்னியிருப்பார். எழுபதுகளில் வந்த அழகான ட்ரையம்ப் ஒன்றை வாங்கி, பின் மட்கார்டை அறுத்தெறிந்து, சீட்டைப் பாதியாக்கி, சைலன்சரை முழ நீளத்துக்குக் குறைத்து, மீன்பிடிப் படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டைப் பூசிவைத்திருக்கிறார். "தோலுரிச்ச கோழி" என்பது அந்த வண்டிக்கு எல்ஸ்பெத் வைத்த பெயர். ராவிரி அதையே டேங்கின் மேல் வெள்ளை எழுத்தில் எழுதிக்கொண்டார்.

ஆண்டுக்கொரு முறை எங்கள் சங்கம் கண்காட்சி நடத்துகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகளுக்கு அதில் ஒரு தனிப் பரிசு உண்டு. அதற்கு நடுவர் எல்ஸ்பெத். அந்தப் பிரிவில்தான் ராவிரி வருடந்தவறாமல் கோழியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். வருடந்தவறாமல் பூஜ்யம். போன தடவை, ஒரே ஒரு மார்க்காவது போடக் கூடாதா, ஹாரன் ஒரிஜினல்தானே என்று கெஞ்சிப் பார்த்தார்.

"ஹாரனத் தனியா கழட்டிக் கொண்டா. அதுக்குப் போடறேன்" என்றார் எல்ஸ்பெத்.

இவ்வளவு கறாரானவர் வாரத்தில் ஆறு நாளும் என்ன செய்கிறார் தெரியுமா? உடைகளை வெட்டித் திருத்துகிறார். கடைத்தெரு கடலை நோக்கிச் சரியும் இடத்தில் அவருடைய கடை. கால்சட்டையின் நீளம் குறைப்பது, அக்காவின் பள்ளிச் சீருடையைத் தங்கைக்கு அளவாக்குவது, பழைய கல்யாண கவுனை இடுப்பில் பிரித்துவிடுவது, கப்பல்காரர்களின் குளிர்ச்சட்டைக்கு ஜிப் மாற்றுவது. அறுபத்தாறு வயதிலும் ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுவதில்லை. ஊரில் பாதிப்பேரின் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம், அதைப் பொதுவெளியில் சொல்லவும் தயங்க மாட்டார்.

ஊரார் உடையையெல்லாம் மாற்றலாம், வண்டியை மட்டும் மாற்றக் கூடாதா என்று நான் கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் நமக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"நான் எங்கடி வெட்டறேன்? உள்ள மடிச்சுத் தைக்கிறேன். நாளைக்கு அந்தப் புள்ள வளந்துச்சுன்னா தையலப் பிரிச்சு விட்டுக்கலாம். துணி உள்ளயே இருக்கும். இவனுங்க அறுத்துக் குப்பையில போடறானுங்க. அப்புறம் அந்த மட்கார்ட எந்தக் கடைல போயி வாங்குவே? செஞ்சவன் செத்துட்டான், செஞ்ச ஃபேக்டரியும் செத்துப்போச்சு."

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள் நான். மீகாங் ஆற்றங்கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் கூண்டு கட்டி மூன்று பன்றிகளைச் சுமந்துகொண்டு போனது. ஆண்டீஸ் மலையில் ஒருவர் தன் வண்டியின் சக்கரத்தைக் கழற்றி, அந்த என்ஜினிலேயே மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருந்தார். அங்கெல்லாம் யாரும் குனிந்து பார்த்து நாக்குத் தட்டவில்லை. மனிதனுக்காகத்தான் வண்டி என்பது அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதை எல்ஸ்பெத்திடம் சொன்னேன். பன்றி ஏற்றுகிறவன்மேல் அவருக்குக் கோபமே இல்லையாம். அவனுக்கு வேறு வழி கிடையாது. ஒரு வேலையும் இல்லாமல், அழகுக்கென்று அறுக்கிறவன்தான் அயோக்கியன். சொல்லிவிட்டு ஜன்னல் வழியே படகுப் பட்டறை இருக்கும் திசையை முறைத்தார்.

அவருடைய சொந்த வண்டி 1954-இல் வந்த பிஎஸ்ஏ. ஐந்நூறு சிசி, ஒற்றை சிலிண்டர், அரக்கு நிறம். இருபத்திரண்டு வயதில், முதல் சொந்தக்காரரிடமிருந்து வாங்கியது. அதன் முகப்பு விளக்கு மெழுகுவர்த்தியைவிட ஒரு பிடி கூடுதல் வெளிச்சம் தரும். நல்ல பல்பு மாட்ட மாட்டார். அதனால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் வந்துவிடுவார். குளிர்காலத்தில் எங்கள் பயணமெல்லாம் அந்த விளக்கை வைத்துத்தான் முடிவாகிறது, இருபது பேர் அவருக்காக மதியம் மூன்று மணிக்கே திரும்புகிறோம். நியாயமா என்று கேட்டால், சூரியனை மட்டும் இன்னும் யாரும் அறுத்து மாற்றவில்லை என்பதில் தனக்கு மகிழ்ச்சி என்பார்.

அந்த வண்டியின் கிக்கரில் இதுவரை வேறொருவர் கால் பட்டதில்லை. முரட்டு என்ஜின். சரியான இடத்தில் மிதிக்காவிட்டால் திருப்பி உதைக்கும். அந்த இடம் தன் காலுக்கு மட்டுமே தெரியும் என்பது எல்ஸ்பெத்தின் பெருமை. போன குளிர்காலத்தில் அந்தப் பெருமையில்தான் இடி விழுந்தது. வலது முழங்கால் தேய்ந்து, அறுவை செய்து, உலோக மூட்டு வைத்தார்கள். நடக்கலாம், மலை ஏறலாம், தையல் இயந்திரத்தை மிதிக்கலாம், கிக்கரை மட்டும் உதைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாங்கள் நினைத்தது, இனி சுலபமாக ஒரு செல்ஃப் ஸ்டார்ட்டர் பொருத்திக்கொள்வார் என்று. அவர் செய்தது வேறு. எங்கே போனாலும் சரிவின் உச்சியில் வண்டியை நிறுத்த ஆரம்பித்தார். கடைத்தெருச் சரிவில் உட்கார்ந்தபடியே உருண்டு, பாதித் தூரத்தில் கிளட்சை விடுவார். கீழே ரொட்டிக்கடை வரும்போது என்ஜின் இருமிப் பிடித்துக்கொள்ளும். சரிவு இல்லாத இடத்தில் பேசாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்து, நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரையும் கூப்பிட மாட்டார். நாங்கள் போய்த் தள்ள வேண்டும். அதிகம் தள்ளியவர் ராவிரி.

மார்ச் மாதத்தில் மலைச்சாலை வழியாக வாரிங்டன் கடற்கரைக்குப் போனோம். தட்டையான ஊர். ரோட்டில் மணல் அடித்துக் கிடந்தது. சீஸ் ரோலும் தேநீரும் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது எல்ஸ்பெத் வழக்கம்போல ஏறி உட்கார்ந்தார். ராவிரி பின்னாலிருந்து தள்ளினார். என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி தள்ளினார். மூன்றாவது தடவை மணலில் கால் வழுக்கிக் குப்புற விழுந்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. சட்டைப் பையில் வீட்டுக்கென்று வைத்திருந்த இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி நசுங்கி, குழம்பு இடுப்புவரை வழிந்தது. முதலில் அவரே சிரித்தார். எல்ஸ்பெத் திரும்பிப் பார்த்து, "கிளட்ச் விடறப்ப தள்றத நிறுத்தாதேன்னு எத்தன வாட்டி சொல்லிருக்கேன்" என்றதும் சிரிப்பு நின்றது.

"இன்னியோட சரி. இனிமே தள்ள மாட்டேன்."

"உன்ன யாரு கேட்டா?"

"நீ எங்க கேப்பே? மகாராணி மாதிரி உக்காந்திருப்பே. நான் வந்து தள்ளணும். அதுக்கப்புறம் எனக்கு பூஜ்யம் போடுவே." ராவிரி கையை உதறிக்கொண்டார். ரத்தமும் மணலும் தெறித்தன. "ஒரு ஸ்க்ரூவ மாத்த மாட்டே. முட்டிய மட்டும் மாத்திக்கிட்டியே, அது எந்த வருஷத்து மாடல் அம்மணி?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

"முட்டி தேஞ்சுபோச்சு, மாத்தினேன். என் வண்டி தேயல."

"வண்டி தேயல. அத ஸ்டார்ட் பண்ற ஆளு தேஞ்சாச்சு."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. எல்ஸ்பெத் தலைக்கவசத்தின் வாரை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். நானும் வேறு இருவரும் சேர்ந்து தள்ளினோம். என்ஜின் பிடித்தது. கை அசைக்காமல் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு எல்ஸ்பெத் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எங்கள் வண்டிகளை யாரும் குனிந்து பார்க்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் ஒருவர் முகத்திலும் களை இல்லை. ராவிரி உரிந்த கையில் கட்டுடன் ஓரமாக நின்றார். தப்பாகப் பேசிவிட்டேனா என்று யாரிடமும் கேட்கவில்லை, பேசியது சரிதான் என்றும் சொல்லவில்லை. சீக்கிரமே பட்டறைக்குப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை, நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்த என் குளிர்ச்சட்டை ஜிப்பை நானே கிழித்து, சட்டையை எடுத்துக்கொண்டு எல்ஸ்பெத்தின் கடைக்குப் போனேன். அவர் ஜிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தைக்க உட்கார்ந்தார். தைத்துக்கொண்டே பொரிந்தார். தான் யாரையும் தள்ளச் சொல்லவில்லையாம். நாற்பத்து நாலு வருடம் சொந்தக் காலால் ஸ்டார்ட் செய்தவளாம். இந்த ஊரில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளை உதைப்பதைப் பார்க்க மதுக்கடை வாசலில் ஆண்கள் கூடி நின்ற காலத்திலேயே, முதல் உதையில் எழுப்பிக் காட்டியவளாம். இப்போது பொத்தானை அமுக்கிக் கிளம்பினால் அது வண்டியா, சலவை இயந்திரமா? பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தார். வண்டியை விற்கப்போவதாக, ஜிப்பிடம் சொல்வதுபோல், சொன்னார்.

அப்போதுதான் ராவிரி உள்ளே வந்தார். கையில் பழைய துண்டில் சுற்றிய கனமான ஏதோ ஒன்று. வணக்கம் எதுவும் இல்லை. தையல் மேசையில் வைத்து அவிழ்த்தார். என்ஜினின் பக்கவாட்டு மூடி. அச்சு அசலாக பிஎஸ்ஏ மூடியின் வடிவம், ஒரு விரல்கடை மட்டும் தடிமன் அதிகம். உள்ளே சின்னதாக ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார் பதுங்கியிருந்தது. வேலை முடிந்து பட்டறையிலேயே தங்கி அவரே வார்த்து, கடைந்து செய்ததாம்.

"எதயும் வெட்டல. ஒரு தொள கூடப் போட வேணாம். உன் மூடியக் கழட்டி அலமாரில வெச்சுக்க. இத மாட்டு. என்னிக்குப் பிடிக்கலயோ அன்னிக்குப் பழச மாட்டிக்க."

எல்ஸ்பெத் அதைத் தன் பக்கம் இழுத்தார். விளக்கைத் தாழ்த்தினார். புரட்டினார். விளிம்பு நெடுக நகத்தை ஓட்டினார். அந்த முகத்தில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"அசிங்கமா இருக்கு."

"இருக்கு" என்றார் ராவிரி.

"இத மாட்டுனா என் வண்டிக்கு நானே மார்க் போட முடியாது."

"பூஜ்யம் ஒண்ணும் பண்ணாது அம்மணி. பழகிடும்."

எல்ஸ்பெத், மூடியோடு ராவிரி கொண்டுவந்திருந்த போல்ட் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொட்டினார். புத்தம் புதிது, வெள்ளியாகப் பளபளத்தன. அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கழுத்துவரை சிவந்துவிட்டது.

"இதென்னடா போல்ட்டு? குளியலறைக் குழாய்க்குப் போடறதா? அம்பத்தி நாலுல இந்த மாதிரித் தல எங்கடா இருந்துச்சு? நாலு பேரு பாக்க இத மாட்டிக்கிட்டு நான் ரோட்டுல போகணுமா?"

எல்ஸ்பெத் அந்த போல்ட்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டார். திட்டிக்கொண்டே எழுந்து, பொத்தான் டப்பாக்களுக்குக் கீழே இருந்த இழுப்பறையை இழுத்து, ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்து மேசைமேல் கவிழ்த்தார். மங்கிய, சின்னத் தலை கொண்ட பழைய போல்ட்டுகள். விளக்கடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினார். பொறுக்கியதை மேலங்கியின் ஓரத்தில் தேய்த்துத் துடைத்தார். துடைத்ததை ராவிரியின் கட்டுப்போட்ட கைக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தார்.