வேலவன் நகரா, சந்தியாகபுரமா

கொடைக்கானலில் போன் வைத்திருந்த கடைக்காரர் எவருக்கும் இசபெல்லாவின் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். வெளியூருக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டுப் பொறுமையில்லாமல் திரும்பக் கூப்பிடுகிறவர்கள், "இசபெல்லாம்மா, மதுரை இன்னுமா கிடைக்கல?" என்று பேரைச் சொல்லியேதான் கேட்பார்கள். பள்ளி இறுதித் தேர்வு முடித்த கையோடு தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அப்பா மரியசூசை மிஷன் விடுதி ஒன்றில் சமையல்காரர். கல்யாணத்துக்குப் பிறகு அவர் மகளோடு பேசவில்லை. பேசாமலேயே கல்லறைக்கும் போய்விட்டார்.

அந்தக் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. மாப்பிள்ளை ஞானவேல் பழனிக்காரர். மலையடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பம். கம்பளிக் கோட்டு தைக்கக் கற்றுக்கொண்டு மேலே வந்து, ஏழு ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடையில் தையல் மெஷின் போட்டவர். இரண்டு வீட்டாரும் கைகழுவிவிட, நாயுடுபுரத்தில் வாடகைக்கு இரண்டு அறை பிடித்துக் குடித்தனத்தைத் தொடங்கினார்கள்.

பெண் பிறந்தபோது மூன்று நாள் யோசித்து லீலா என்று பேர் வைத்தார்கள். கோயிலுக்கும் பொருந்தும், மாதா கோயிலுக்கும் பொருந்தும் என்றுதான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பூசைக்குப் போவாள் லீலா. கிருத்திகைக்கு அப்பாவின் தோளில் ஏறிக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போவாள். நீ யார் என்று அந்தத் தெருவில் அவளை யாரும் கேட்டதில்லை. பெற்றவர்களும் தங்களுக்குள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுக்காமலே எட்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

எண்பத்திரண்டில் இசபெல்லாவுக்குப் பதவி உயர்வோடு மதுரைக்கு மாற்றல் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

செய்தி கீழே போனதுமே, அத்தனை வருஷமும் எட்டிப் பார்க்காத உறவுகள் திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டன. ஞானவேலின் அண்ணன் சேனாதிபதி மதுரைக்குத் தெற்கே வேலவன் நகரில் மாடி வைத்து வீடு கட்டியிருந்தார். "மாடி சும்மாதான் கெடக்கு. வந்து இருங்கடா" என்று ஆள் விட்டார். புதிதாக எழும்பிய இடம். அகலமான தெரு, வீட்டுக்கு வீடு வேப்பங்கன்று, நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், பிள்ளைகள் ஓடியாட ஒரு பொட்டல்.

இசபெல்லாவின் சின்னம்மா கித்தேரியம்மாள் இருந்தது மதுரைக்கு மேற்கே சந்தியாகபுரத்தில். மாதா கோயிலைச் சுற்றி எழுந்த குடியிருப்பு. கன்னியர் நடத்துகிற பள்ளி, நல்ல தண்ணீர்க் குழாய், வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அவள் வீட்டுக்கு அடுத்த வீடு காலியாக இருந்தது.

இரண்டில் ஒன்று மோசமாக இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. இரண்டும் குடும்பத்தோடு இருக்கத் தோதான இடங்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

"சந்தியாகபுரத்துல நான் யாரு? இசபெல்லா புருஷன். அம்புட்டுத்தான்" என்றார் ஞானவேல். "ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் சாமியார் வீடு தேடி வருவாரு. 'ஞானவேல், எப்ப ஞானஸ்நானம்?'னு கேப்பாரு. நான் என்ன சொல்ல?"

"வேலவன் நகர்ல மட்டும் என்னைய என்ன சொல்லிக் கூப்புடுவாங்களாம்? உங்க அண்ணன் இத்தனை வருஷத்துல என் பேரையாவது சொல்லிருக்காரா? 'அந்தப் பொண்ணு', 'அந்தப் பொண்ணு'ன்னுதான."

"பழகினாச் சரியாயிரும்."

"அதையேதான் நானும் சொல்றேன். சந்தியாகபுரத்துலயும் பழகினாச் சரியாயிரும்."

பக்கத்து அறையில் லீலா பாடம் படிக்கிற சத்தம் நின்றது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்பு, புளி, மழை தவிர வேறு பேச்சு இல்லாமல் போயிற்று. வெளியே மூடுபனி இறங்கினால் ஜன்னலைச் சாத்துகிற மாதிரி, ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர் எழுந்து போனார்.

ஒரு நாள் வேலைக்கு நடுவே கித்தேரியம்மாள் தபாலாபீஸ் போனிலிருந்து கூப்பிட்டாள். "தாயி, வீட்டுக்காரம்மா வேற ஆளுக்குக் குடுக்கப் போறேங்குது. நான் புடிச்சு வச்சிருக்கேன். வர்றியா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு."

அப்பா கதவைச் சாத்திய நாளிலும் இசபெல்லாவின் பிரசவத்துக்கு மலையேறி வந்து பக்கத்தில் இருந்தவள் அந்தச் சின்னம்மா ஒருத்திதான். அவளிடம் இல்லை என்று சொல்ல இசபெல்லாவுக்கு நாக்கு எழவில்லை. "வர்றோம் சின்னம்மா" என்றாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் அதைச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

அந்த வாரக் கடைசியில் ஞானவேல், "லீலாவக் கூட்டிக்கிட்டுப் போயி அண்ணன் வீட்டச் சும்மா பாத்துட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார். தான் ஒன்றை மறைத்து வைத்திருந்த குற்ற உணர்வில் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பிள்ளையின் காதை மூடிக் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டு பஸ் ஏற்றினாள்.

அவர்கள் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. ஏரி தளும்பி, பஜாருக்குப் போகிற பாதையில் யூக்கலிப்டஸ் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அவர்கள் திரும்பி வர வேண்டிய நாள் காலையில் இசபெல்லா வெள்ளனே வேலைக்குப் போய்விட்டாள். மதுரை லைன் கிடைத்த முதல் இடைவெளியில், மேலாளர் உபகாரத்திடம் அனுமதி கேட்டு, வேலவன் நகர் பலசரக்குக் கடைக்குப் போன் போட்டாள். கடைப்பையன் ஓடிப் போய்ச் சேனாதிபதியின் சம்சாரம் சிவபாக்கியத்தைக் கூட்டிவந்தான்.

"அக்கா, நான் இசபெல்லா பேசுறேன். அவுக கெளம்பிட்டாகளா?"

"நேத்தே பழனிக்குப் போயிட்டாகளே! எங்க வீட்டுக்காரரும்தான் கூடப் போயிருக்காக. புள்ளைக்கு மொட்டை போட்டுட்டு, பழனி ரோடு வழியாவே மேல ஏத்திவிட்டுருவாக. ஏன், உங்கிட்ட சொல்லலையா?"

லைனில் இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. "சொன்னாக, சொன்னாக" என்றாள் இசபெல்லா. தன் வாயிலிருந்து ஏன் அப்படி ஒரு பொய் வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

பழனி முருகன் அவளுக்கு அந்நியர் இல்லை. லீலாவுக்கு அம்மை போட்டிருந்தபோது அவளும்தான் வேண்டிக்கொண்டாள். மொட்டை போட்டதல்ல அவளைச் சுட்டது. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன் பிள்ளையின் தலையில் கை வைத்துவிட்டார்களே, அதுதான். கூடவே, புருஷனை ஒரு வார்த்தை கேட்காமல் தானும் சந்தியாகபுரத்துக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறோம் என்பது நினைவுக்கு வர, அந்தக் கோபம்கூட முழுசாக அவளுடையதாக நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெருமாள்மலையிலிருந்து அழைப்பு வந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர். "அம்மா, வெரசா ஆஸ்பத்திரியக் குடுங்க. சவரிக்காட்டுக்கு மேல மலை சரிஞ்சு ரோட்டுல விழுந்துருச்சு. பழனி பஸ்ஸு ஒண்ணு மாட்டிக்கிச்சுங்குறாக."

அவள் கை தானாகவே ஆஸ்பத்திரிக்கு இணைப்பைச் செருகியது. பிறகுதான் சிவபாக்கியம் பழனி ரோடு என்று சொன்னது உறைத்தது.

சவரிக்காட்டுக்குப் போன் போட்டாள். லைன் செத்துக் கிடந்தது. பழனிக்கு முயன்றாள். அதுவும் இல்லை. ஊருக்குள் செய்தி பரவ, இணைப்புப் பலகையில் அழைப்புகள் மளமளவென்று விழுந்தன. எந்த பஸ், எத்தனை பேர், எங்க அண்ணன் வந்தாரா என்று ஆளாளுக்கு அவளிடம் கேட்டார்கள். ஹோட்டலில் தங்கியிருந்த ஒருவர் மெட்ராஸ் கால் தாமதமாவதற்குச் சத்தம் போட்டார். "கொஞ்சம் பொறுங்க சார், லைன் கிடைச்சதும் குடுக்கிறேன்" என்றாள். அவளுடைய பழைய குரல்தான். அது எங்கிருந்து வருகிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

உபகாரம் பின்னால் வந்து நின்றார். கண்டிப்பான மனிதர். அன்றைக்குக் குரலைத் தணித்துப் பேசினார். "நீ வீட்டுக்குப் போம்மா. நான் பாத்துக்கிறேன்."

"வீட்டுல போயி என்ன சார் செய்ய? சேதி வந்தா இங்கதான வரும்."

அவள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. சாப்பாட்டுக்கும் எழவில்லை. வேலவன் நகரும் சந்தியாகபுரமும் எங்கோ போய்விட்டன. பிள்ளை எந்தத் தெருவில் வளர்ந்தால் என்ன, வளரட்டும், வளர மட்டும் விடு என்று மாதாவையும் முருகனையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள்.

மத்தியானம் திரும்பிய பிறகு பலகையில் அழைப்பைக் காட்டுகிற பெருமாள்மலை மூடி மறுபடி விழுந்தது. இணைப்பைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்றாள்.

மறுமுனையில் மூச்சு வாங்குகிற சத்தம். "இசபெல்லா..."

"லீலா எங்க?"

"இங்கதான் நிக்கிறா. ஒண்ணும் ஆகல. பஸ்ஸு சரிவுக்கு அந்தப் பக்கமே நின்னுருச்சு. எல்லாரும் எறங்கிச் சேத்துல நடந்து வந்துட்டோம். அவளத் தோள்ல தூக்கிக்கிட்டேன்."

"தொப்பி போட்டிருக்காளா?"

தொப்பிய நல்லா இழுத்துவிட்டுக்க என்று அவர் பிள்ளையிடம் சொல்வது கேட்டது. பிறகு, "போட்டிருக்கா" என்றார்.

அவள் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பலகையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். உபகாரம் தாமே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அழைப்புகளை எடுக்கத் தொடங்கினார்.

பொழுது சாய்வதற்குள் முட்டைக்கோஸ் லாரி ஒன்றில் அவர்கள் வந்து இறங்கினார்கள். முழங்கால்வரை செம்மண். இசபெல்லா பிள்ளையை அள்ளிக்கொண்டு போய் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினாள். தொப்பியை எடுத்தபோது சந்தனம் கரைந்து வழிந்தது. மழித்த தலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். எங்கும் கீறல் இல்லை.

"அம்மா, கோவமா?" என்றாள் லீலா.

"உம்மேல இல்ல."

கோபம் மறுநாள் காலையில்தான் வந்தது. லீலா தூங்கிக்கொண்டிருந்தாள். ஞானவேல் கடைக்குப் போகவில்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தவர் தாமாகவே தொடங்கினார்.

"அண்ணன் எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணி வச்சுட்டாரு. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. எத்தனை வருஷம் கழிச்சு, 'தம்பி'ன்னு தோள்ல கை போட்டாரு. தப்புத்தான்."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் 'வாய் வரல' என்ற சொல் அவளைத் தடுத்து நிறுத்தியது. சின்னம்மாவிடம் தனக்கும் அதேதான் நடந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "சந்தியாகபுரத்துக்கு வர்றோம்னு சின்னம்மாகிட்ட நான் சொல்லிட்டேன். நீங்க கீழ போறதுக்கு முன்னாடியே."

ஞானவேல் நிமிர்ந்து பார்த்தார். முகம் சிவந்தது. எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். அங்கிருந்தபடியே, "அப்ப அங்கயே போவோம். நான் செஞ்சதுக்கு அதுதான் சரி" என்றார்.

அவள் கேட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனால் வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. முந்தின நாள் பூராவும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் யோசித்திருந்தது இப்போதுதான் வார்த்தையாக வந்தது.

"வேண்டாங்க. வேலவன் நகருக்கே போவோம்."

"என்னது?"

"சின்னம்மா எது சொன்னாலும் நான் தலைய ஆட்டிருவேன். அவுக உங்களையும் லீலாவையும் என்ன செஞ்சாலும் நான் வாயத் தெறக்க மாட்டேன். பிரசவத்துக்கு வந்து நின்னவுக, என்னால முடியாது. உங்க அண்ணிகிட்ட அப்படி இல்ல. அவுக எனக்கு ஒண்ணும் செஞ்சதில்ல. அவுககூட நான் சண்டை போடுவேன். சண்டை போட முடியுற எடத்துலதான் நான் புள்ளைய வளக்க முடியும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா அண்ணன் மாடி வேண்டாம். தெரு தள்ளி வாடகைக்குப் பாருங்க. சாவி நம்ம கையில இருக்கணும்."

ஞானவேல் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரோடு சரியானதும் இருவரும் சேர்ந்து கீழே போனார்கள். முதலில் சந்தியாகபுரம். கித்தேரியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வைத்திருந்த காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்ப வெளியே வரவில்லை. இசபெல்லா அந்த வாசலில் நின்றது மலைச்சரிவு நாளைவிடக் கனமாக இருந்தது.

அங்கிருந்து வேலவன் நகர். சேனாதிபதி முகத்தைத் திருப்பிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இசபெல்லா சிவபாக்கியத்தின் முன்னால் போய் நின்றாள். "அக்கா, அடுத்த தெருவுலதான் இருக்கப் போறோம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் வருவோம். ஆனா இனிமே எம் புள்ளைக்கு எது செய்யுறதா இருந்தாலும் எங்கிட்டக் கேக்கணும். கேட்டா நானே பழனிக்குக் கூட்டிட்டு வருவேன். கேக்காமச் செஞ்சா, அதுக்கப்புறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சிவபாக்கியம் வெடுக்கென்று, "ஓகோ! வந்தன்னைக்கே சட்டமா?" என்றாள்.

"ஆமாக்கா. அப்புறம் மறந்துபோயிரும்."

அதற்கப்புறமும் சண்டைகள் இல்லாமல் இல்லை. கிறிஸ்துமசுக்கு வாசலில் நட்சத்திரம் கட்டியதற்கு ஒன்று, லீலா பெரியவளானபோது யார் சேலை முதலில் என்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இசபெல்லா நின்று பதில் சொன்னாள். மூன்றாம் வருஷம் ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்குத் துணையாக பஸ் நிறுத்தத்தில் சிவபாக்கியம் வந்து நிற்க ஆரம்பித்தாள். வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டேதான் வருவாள். ஆனாலும் ஒரு நாள் தவறமாட்டாள். ஞானவேல் கம்பளியை விட்டுவிட்டுப் பள்ளிச் சீருடை தைக்கப் பழகினார்.

கித்தேரியம்மாள் மட்டும் இறங்கி வரவில்லை. ஞாயிறு பூசைக்குச் சந்தியாகபுரம் கோயிலுக்கே போய், சின்னம்மாவுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி லீலாவோடு உட்காருவாள் இசபெல்லா. பூசை முடிந்ததும் கித்தேரியம்மாள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். எண்பத்தேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் லீலாவை நிறுத்தி, "முடி நல்லா வளந்துருச்சே" என்று அவள் பின்னலைப் பிடித்துப் பார்த்தாள். இசபெல்லாவை அன்றைக்கும் பார்க்கவில்லை.