ஏர்போர்ட் தோடு

ஏர்போர்ட்டில் வரியில்லாத கடையில் வாங்கினால் மிச்சமா என்று கேட்கிறார்கள். எங்கள் தையல் கம்பெனியில் யாராவது வெளிநாடு போய் வந்தால் இதே பேச்சுதான். மிச்சமில்லை. ஒன்பது வயதிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் அந்தக் கடைத் தோட்டைத்தான் போட்டுக்கொண்டேன். அதற்காக இன்றுவரை யாரிடமும் தலை குனிந்ததில்லை.

எனக்குக் காது குத்தியதே தாமதம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். தோடும் அவர் கொண்டுவர வேண்டும். என் மாமா துபாயில் கட்டட வேலையில் இருந்தார். வாரேன் வாரேன் என்று போனில் சொல்வார். வரமாட்டார். அதனால் நாலாம் வகுப்பிலும் நான் மூளிக் காதோடுதான் போனேன். பையன்கள் 'மூளி' என்று கூப்பிடுவார்கள். நான் அடித்துவிட்டுத்தான் பேசுவேன்.

ஒருவழியாக மாமா வந்து இறங்கினார். ஆள் இளைத்துப் போயிருந்தார். பெரிய பெட்டி ஒன்றும் இல்லை. ஏர்போர்ட் கடையின் பிளாஸ்டிக் பைகள் இரண்டுதான். சாக்லேட் டப்பாக்கள், ஒரு சென்ட் பாட்டில், எனக்கு ஒரு ஜோடி தோடு.

அடுத்த வாரமே மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கள் குலதெய்வக் கோவிலில் காதுகுத்து வைத்தார்கள். மாமா சீர்த்தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். தேங்காய், பழம், பாவாடை சட்டை. நடுத்தட்டில் அந்த டப்பாக்களை அடுக்கி, மேலே தோட்டை வைத்திருந்தார். டப்பாவில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கிழிக்க அவருக்குத் தோன்றவில்லை.

அத்தை அதைப் பார்த்துவிட்டார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, டவுன்ஹால் பக்கம் குடியிருந்தவர். செல்போனை எடுத்துத் துபாய்க் காசை நம் காசாக மாற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதே டப்பா எங்க ஊட்டுக்குப் பக்கத்துக் கடையில இதவிடக் கம்மிங்க. வரி இல்லீன்னு சொல்லி உங்க தலையில கட்டிப்போட்டானுங்களாட்ட இருக்குது."

பந்தலில் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

"தோடுமா அங்கயே? பவுனு வெல நம்மூர்ல கேட்டுப்போட்டு வாங்கியிருக்கலாமுங்க," என்றார் அத்தை.

"நங்கையா, சீருக்கு வெல கேக்கறதில்லைங்க," என்றாள் அம்மா. நாத்தனாரை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு பந்தலில் யாரும் சிரிக்கவில்லை.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் காது குத்த வந்திருந்த ஆசாரி தோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது பெரியவங்க போடறதுங்க. தண்டு தடிமனா இருக்குது. புதுசாக் குத்துன காதுல ஏறாதுங்க."

அத்தை மடியிலிருந்து ஒரு சின்னச் சுருக்குப்பையை எடுத்தார். உள்ளே குழந்தைத் தோடு. தயாராகத்தான் வந்திருந்தார்.

"இதப் போடுங்க ஆசாரி. நேரமாச்சு."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அப்பா வீட்டுத் தோடு ஏறினால், மாமன் சீர் செய்யவில்லை என்று ஆகிவிடும். சொந்தத்தில் காலத்துக்கும் அதைச் சொல்வார்கள். நான் மாமா மடியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

"கைய எடு அம்மணி," என்றார் ஆசாரி.

"மாமன் தோடு போடறதுன்னாக் குத்துங்க. இல்லாட்டி எனக்குக் காதே வேண்டாம்."

"பாரு, வாயப் பாரு," என்றார் அத்தை. "அது ஏறாது கண்ணு. வலிக்கும்."

"வலிக்கட்டுமுங்க."

அப்பா அதட்டினார். நான் கையை எடுக்கவில்லை. கோவில் பூசாரி நல்ல நேரம் போகிறது என்றார். அதற்கும் எடுக்கவில்லை. ஆசாரி என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து அரத்தை எடுத்தார்.

"தண்ட இழைச்சுப் போடலாமுங்க. தங்கம் கொஞ்சம் பொடியாப் போயிரும். பரவாயில்லைங்களா?"

"இழைங்க," என்றார் மாமா. அன்றைக்கு அவர் கோவிலில் பேசியது அந்த ஒரு சொல்தான்.

"வாங்குனது சாஸ்தி வெலைக்கு. அதையும் பொடியாக்குங்க," என்று சொல்லிவிட்டு அத்தை சுருக்குப்பையை இறுக்கிக் கட்டினார்.

இழைத்த பிறகும் தண்டு தடிமன்தான். ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கழுத்தில் ரத்தம் வழிந்தது. அத்தை பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை.

சாப்பாடு முடிந்து வேனில் திரும்பும்போது மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை. துபாயில் கடைவீதி நிறையத் தங்கக்கடை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அங்கே விலை கேட்டு, சின்னத் தோடாகவே வாங்கியிருக்கலாமே.

"ஏனுங் மாமா, கடைவீதிக்குப் போகலீங்களா?"

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கையில காசில்ல கண்ணு. சம்பளம், பாஸ்போர்ட்டு எல்லாம் கம்பெனிக்காரன்தான் வெச்சிருந்தான். ஃப்ளைட் ஏத்தி உடறப்பத்தான் கையில குடுத்தான். அதுக்கப்பறம் ஏர்போர்ட்டுக்குள்ள இருந்த கட அது ஒண்ணுதான்."

எனக்கு ஒரு நொடியில் கோபமெல்லாம் போய்விட்டது. திங்கட்கிழமை வீங்கிய காதோடு பள்ளிக்கூடம் போனேன். மூளி என்று கூப்பிட்டவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தித் தோட்டைக் காட்டினேன்.

எங்கள் மாமாவுக்குச் சம்பளத்தை ஏர்போர்ட்டுக்கே கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள் என்று சொன்னேன். அவ்வளவு பெரிய வேலையா என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா," என்றேன். "உங்க மாமனுக்கெல்லாம் அப்படிக் குடுப்பாங்களா?"