என் பிள்ளையைத் தூக்க ஏங்கினேன்

ஆண்டவருக்குப் பிரியமானவர்களே, பெற்ற பிள்ளையை இடுப்பில் தூக்க வேண்டும் என்று ஏங்கி அழுதவள் நான். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் வேலை செய்கிறேன். கேட்கிறவர்களுக்கு இது சின்ன ஆசையாகத் தெரியலாம். எனக்கு அதுதான் உயிராக இருந்தது.

மகள் பெனிட்டா பிறந்த பிறகு என் உடம்பில் ரத்தம் ஏறவே இல்லை. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும். அவள் கையை விரித்துக்கொண்டு, "தூக்கும்மா" என்று வருவாள். தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வரும். "அப்பாகிட்ட போடி" என்று அனுப்பிவிடுவேன். நாளாக நாளாக அவள் என்னிடம் வருவதையே விட்டுவிட்டு நேராக அவள் அப்பாவிடம் ஓடினாள். பார்க்கப் பார்க்க என் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கும்.

சும்மா இருந்தேனா? இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்கினேன். முருங்கைக்கீரை, கேப்பைக் களி, ஆட்டு ஈரல், யார் எதைச் சொன்னாலும் தின்றேன். ஒன்றும் பிரயோஜனமில்லை. சபையில் வெள்ளிக்கிழமை நடக்கும் பெண்கள் உபவாச ஜெபத்தில் என் விண்ணப்பம் எப்போதும் ஒன்றுதான்: "ரத்தம் ஏறணும் ஆண்டவரே." அவர் காதில் விழவில்லையோ என்று கோபித்துக்கொண்டதும் உண்டு.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல வட்டமாகக் கைகோர்த்து ஜெபித்தோம். பக்கத்தில் என்னோடு வேலை செய்யும் எஸ்தர் அக்கா. ஜெபத்தின் வேகத்தில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார். "ஐயோ!" என்று அலறிவிட்டேன். அபிஷேகம் இறங்கிவிட்டது என்று நினைத்து எல்லாரும் "அல்லேலூயா" சொன்னார்கள்.

முடிந்ததும் அக்கா என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி இது, கணுக்கணுவா வீங்கிக்கினு கீது?"

"மல்லாட்டை உடைக்கிற கைதானேக்கா. காலையில மடக்கவே முடியாது. எல்லாருக்கும் இருக்கறதுதான்."

"எனுக்கும் அதே வேலைதான். எனுக்கு இப்டி இல்லியே. டாக்டராண்ட சொன்னியா?"

சொல்லவில்லை. வேலை செய்கிற கை வலிப்பதை எங்கள் பக்கத்தில் யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

அடுத்த வாரமே அக்கா என்னை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார். என் விரல்களையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "உங்களுக்கு முடக்குவாதம்மா. உடம்புக்குள்ள ரொம்ப நாளா அழற்சி இருக்கு. அது இருக்கிற வரைக்கும், சாப்பிடற இரும்புச்சத்தை உடம்பு சரியா உள்ள வாங்காது. இருக்கறதையும் பூட்டி வெச்சுக்கும். முதல்ல அதை அடக்கணும்."

நான் ரத்தத்துக்காக ஜெபித்தேன். ஆண்டவர் என் விரலைப் பிடித்தார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அழுதேன்.

மூட்டுக்கான மருந்தோடு இரும்புச்சத்தும் கொடுத்தார்கள். மெல்ல வீக்கம் வடிந்தது. அதற்குப் பிறகுதான் ரத்தம் ஏறத் தொடங்கியது. இன்றும் மருந்து சாப்பிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று சபை வாசலில் பெனிட்டாவைத் தூக்கினேன். கண் இருட்டவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் வளர்ந்துவிட்டாள், கால் என் முழங்கால் வரை தொங்கியது.

"எறக்கி வுடும்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டி" என்று முன்வரிசை வரைக்கும் தூக்கிக்கொண்டே போனேன்.

அன்பானவர்களே, ஜெபம் கேட்கப்படவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். வலிக்கிற இடத்தை ஆண்டவரிடமும் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். கைகோர்த்து ஜெபிக்கும்போது பக்கத்தில் இருப்பவளின் கையையும் ஒருமுறை பாருங்கள்.

இப்போதெல்லாம் பெனிட்டா தூக்கச் சொல்லிக் கேட்பதில்லை. நான்தான் கையை விரித்துக்கொண்டு, "வாடி, ஒரே ஒரு தடவை" என்று கேட்கிறேன். சில நாள் வருகிறாள். ஸ்தோத்திரம்.