பதினேழு ராஜாக்களும் ஒரு நலம் விரும்பியும்

பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தால் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் பெரிதாகத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு மனுஷனுக்கு எத்தனை பெயர் இருக்கலாம் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஒரு மாடியில், ப்ளைவுட் தடுப்பு வைத்த ஆறு கேபின்களுக்கு நான்தான் இன்சார்ஜ். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், இங்கிலீஷ் வாசிப்பேன் என்பவை என் தகுதிகள். போன் லைன் கீச்சுக் கீச்சென்று கத்திக் கனெக்‌ஷன் கிடைப்பதற்குள் வந்தவர் தன் வரலாற்றில் பாதியைச் சொல்லிவிடுவார். அதில் நிஜம் எவ்வளவு இருக்கும் என்பதை எஸ்.டி.டி. பூத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் காலம் தள்ளிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேருக்குப் பின்னால் நம்பர்

கிணத்துக்கடவுத் தேங்காய் வியாபாரி பழனிச்சாமிக்கு ஈமெயில் வேண்டும். துபாய்க்குப் போன மகன் வாங்கச் சொல்லியிருக்கிறான். பெயரை அடித்தேன். வேறொருவர் எடுத்துவிட்டார் என்று வந்தது. இனிஷியலோடு அடித்தேன். அதுவும் போயிருந்தது. "எம் பேரை எவனுங்க எடுத்தது? கூப்புடுங்க அவனை" என்று எழுந்து நின்றுவிட்டார். எங்கேயோ இருக்கிற இன்னொரு பழனிச்சாமி என்று சொல்லிப் பார்த்தேன்.

மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்தார். விரித்தார். மானிட்டருக்கு நேராகப் பிடித்தார். கம்ப்யூட்டர் அசரவில்லை. 'பழனிச்சாமி96' காலியாக இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று கருணையோடு சிபாரிசு செய்தது. கார்டை மடித்துக்கொண்டே கேட்டார்: "எங்கப்பாரு கெடா வெட்டி வெச்ச பேருங்க அம்மணி. பின்னால நம்பர் போடறதுக்கு நானென்ன டவுன் பஸ்ஸுங்களா?"

பரிசோதகரின் வயசு

போத்தனூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டையர் ஆனவர். அரை டிக்கெட் பையனுக்கு மீசை அரும்பியிருக்கிறதா என்று பார்த்தே வயசைச் சொல்லிவிடுவாராம். அவருக்கு சாட்டிங் கற்றுக்கொடுத்தேன். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் வயசையும் ஊரையும்தான் கேட்பார்கள். அறுபத்தொன்று, போத்தனூர் என்று நேர்மையாக அடித்தார். உலகமே வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் நாற்பத்தைந்து என்றார். ஒருவன் ஹலோ சொல்லிவிட்டு ஓடிப்போனான். அதற்கடுத்த நாள் முப்பது. மூன்று பேர். நாலாம் நாள் அவர் கேபினில் கீபோர்டு விடாமல் சத்தம் போட்டது. எட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு, பெயர் ஸ்வேதா, ஊர் பெங்களூர். பதில் சொல்லி மாளாமல் திணறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வயசைக் குறைச்சுச் சொன்னவங்களுக்கெல்லாம் முப்பது வருசமா அபராதம் போட்டனுங்க அம்மணி. அவங்க ஆரும் இவ்வளவு தூரம் போகலீங்க."

அம்மாவின் பழைய பெயர்

சூலூர் கல்யாணி பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் விண்ணப்பித்திருந்தாள். இன்டர்வியூ விவரம் ஈமெயிலில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. அவள்தான் கல்யாணி என்று நிரூபிக்கச் சொன்னது கம்ப்யூட்டர். பிறந்த தேதி என்ன? "எதுங்க அக்கா? பள்ளிக்கூடத்துல குடுத்ததா, நெசமாலுமே பொறந்ததா?" பள்ளிக்கூடத்துத் தேதியை ஒப்புக்கொண்டது. அடுத்து, கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவின் பெயர் என்ன? "அப்பவும் மரகதந்தானுங்க." நாலு விதமான ஸ்பெல்லிங்கில் மரகதத்தை அடித்தோம். நாலும் தப்பு.

அவள் கண் கலங்கிவிட்டது. அப்பா தவறிய வீட்டில் அடுத்த சம்பளம் இவளுடையதாகத்தான் வரவேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததே நான்தான். அன்றைக்கு அந்தக் கேள்வி புரியாமல் 'தெரியாது' என்று அடித்துவிட்டிருந்தேன். இப்போதும் அதையே அடித்தேன். கதவு திறந்தது. திங்கட்கிழமை இன்டர்வியூ. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா பேரை நெசமாச் சொன்னா நம்ப மாட்டேங்குது. தெரியாதுன்னா உட்டுருதுங்களே அக்கா."

பதினேழு ராஜா

போலீஸ் வந்து கேட்டால் காட்ட வேண்டும் என்று முதலாளி ஒரு ரிஜிஸ்டர் வாங்கி வைத்தார். பெயர், விலாசம், கையெழுத்து. முதல் வாரத்திலேயே பதினேழு ராஜாக்கள் வந்துபோனார்கள். பத்துப் பேருக்கு விலாசம் வெறும் 'கோவை'. கோயமுத்தூரில் இத்தனை அரச குடும்பங்கள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. முந்தின நாள் செந்தில் என்று எழுதிய ஒருவர் அன்றைக்கு ராஜாவாக முடிசூடிக்கொண்டார். நெசப் பேரை எழுதுங்க என்று கெஞ்சினேன். பேனாவை மூடி மரியாதையாக என் கையில் கொடுத்தார். "நெசப் பேரு சொல்லிப் பேசறதுன்னா ஊட்லயே இருந்திருப்பனுங்களே."

நலம் விரும்பி

கல்யாணிக்கு அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியிலேயே பேக்கிங் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அங்கே பெண்கள் கழிப்பறையைப் பூட்டி, சாவியை சூப்பர்வைசர் வைத்துக்கொள்வாராம். ஷிப்டுக்கு ஒரு தடவைதான் திறப்பார். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். மாசமாக இருந்த ஒரு தையல்காரப் பெண் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஈமெயில் முகவரியைக் கல்யாணி உள்ளங்கையில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். புதுக் கணக்கு ஒன்றைத் திறந்தோம். அவள் சொன்னாள், நான் இங்கிலீஷில் அடித்தேன். பெயர் போடவில்லை. ரிஜிஸ்டரில் ராஜாமணி என்று எழுதிவிட்டுப் போனாள்.

மூன்றாம் வாரம் கல்யாணி கம்பெனியின் பர்சனல் ஆபீசர், வெளிநாட்டுக்காரர்கள் விளக்கம் கேட்டு அனுப்பிவைத்த அந்த மெயிலின் பிரிண்ட் அவுட்டோடு வந்தார். ஊரிலுள்ள சென்டர்களில் எல்லாம் விசாரிக்கிறாராம். ரிஜிஸ்டரைப் பவ்யமாக நீட்டினேன். ராஜாக்கள் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ராஜாமணியில் நிறுத்தினார். "இது ஆரு?" ஆம்பளைங்க, பீளமேட்டுக்காரர் என்றேன். விரல் நகர்ந்தது. பிறகு, அந்த மெயிலுக்குப் பதில் போட வேண்டும், பெயர் தெரியாமல் ஒரு கணக்கு திறந்து கொடுங்கள் என்றார். 'நான் உங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் நலம் விரும்பி. உங்கள் பெயரைச் சொன்னால் உதவுவேன்' என்று எழுதி அனுப்பினார். போகிறபோது ரிஜிஸ்டரில் ராஜா என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிறு கல்யாணி வந்தாள். எச்சரிக்கலாம் என்று நான் எழுந்து போவதற்குள் மெயிலைப் படித்து முடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "நலம் விரும்பின்னு போட்டிருக்குதுங்க அக்கா. எங்க கம்பெனியில அப்படி ஆருமே கெடையாதுங்களே!"

கைதட்டல்

ரெண்டு மாசத்தில் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் அட்டையும் பேனாவுமாக வந்து இறங்கினார்கள். அதற்கு முந்தின நாளே பூட்டு போய்விட்டது. உள்ளே புது பல்பு, புது வாளி. அவர்கள் போன பிறகும் பூட்டு திரும்பி வரவில்லை. தையல்காரப் பெண்ணும் குணமாகி வேலைக்கு வந்துவிட்டாள். பர்சனல் ஆபீசர் எல்லோரையும் கூட்டி வைத்து, இது நிர்வாகம் தானாகவே எடுத்த முடிவு என்று அறிவித்தாராம். அப்போது நீ என்ன செய்தாய் என்று கல்யாணியிடம் கேட்டேன். "கை தட்டச் சொன்னாங்க, தட்டிப் போட்டு வந்தனுங்க அக்கா. எம் பேரு வெளிய வராம இருந்தாச் செரி, நல்ல பேரை அவரே வெச்சுக்கட்டும்."

தான் யாரென்று சொல்லாமல் எழுதுகிறவர்களை நம்பக்கூடாது என்று எனக்கு அறிவுரை சொன்ன எல்லோருமே ரிஜிஸ்டரில் என்ன பெயர் எழுதிவிட்டு உள்ளே போனார்கள் என்பதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.