தாசையன் அண்ணனின் வலது கால்

வழியெல்லாம் மக்கர் செய்த வண்டி ஒர்க்ஷாப் வாசலுக்கு வந்ததும் சமர்த்தாகிவிடும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் தொழிலில் நாங்கள் தினமும் படும் பாடு இது. "இங்கே நல்லாத்தானே ஓடுது" என்று மெக்கானிக் சொல்ல, அசடு வழிய நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படிச் சொல்லி நானே அசடு வழிந்த கதை இது.

டிவி பார்த்த கதை

2012 இருக்கும். மார்த்தாண்டத்தில் என் ஒர்க்ஷாப்புக்கு ஸ்கேனர் வாங்கிய புதிது. வயரை மாட்டினால் வண்டியின் கோளாறு லேப்டாப் திரையில் வந்துவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பேனரைக் கையில் எடுப்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

இராஜாக்கமங்கலத்திலிருந்து மீன் வண்டியோடு வந்திருந்தார் மேரியக்கா. நான் அரை மணி நேரமாகத் திரையை விட்டுக் கண்ணெடுக்காததைப் பார்த்துப் பொறுமை இழந்து சொன்னார்: "தம்பி, டிவி பாத்து முடிஞ்சா எனக்க வண்டியயும் ஒருக்கா பாரு. ஐஸ் உருகுது."

நோயே இல்லாத லாரி

அடுத்த வாரம் ஒரு கண்ணாடி லாரி வந்தது. களியக்காவிளை குடோனிலிருந்து நாகர்கோவில் கடைகளுக்குக் கண்ணாடித் தகடு ஏற்றும் வண்டி. முதலாளி வின்சென்ட், கல்ஃபிலிருந்து திரும்பியவர். டிரைவர் தாசையன் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது. இந்த வண்டி வாங்கிய ஆறு வருஷமாக ஒரு தகடுகூட உடைக்காத மனிதர். அந்த வாரம்தான் முதன்முதலாக இரண்டு தகடுகள் விரிசல் விட்டன. ஓடும்போது வண்டி திடீர் திடீரென்று வெட்டுகிறது, ஆளையே முன்னால் தள்ளுகிறது என்றார் அண்ணன்.

ஸ்கேனரை மாட்டினேன். ஒரு கோளாறும் காட்டவில்லை. நானே எடுத்துக்கொண்டு குழித்துறைப் பாலம் வரை விரட்டிவிட்டு வந்தேன். குதிரை மாதிரி ஓடியது. வின்சென்டும் ஒரு சுற்றுப் போய்வந்தார். அவருக்கும் வெட்டவில்லை. "வண்டியில் ஒன்றுமில்லை" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பக்கத்தில் தாசையன் அண்ணன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படியே வின்சென்ட் சொன்னார்: "வண்டிக்கு ஒண்ணும் இல்ல, ஆளுக்குத்தான் வயசாச்சு, கேட்டியா. திங்கக்கிழமெ வேற டிரைவர் வாறான்."

பக்கத்து சீட்

சனிக்கிழமை காலை அண்ணன் மட்டும் லோடோடு வந்தார். "ஒருக்கா எனக்க கூட வா மக்கா" என்றார். அவருடைய கடைசி லோடு அது. மறுக்க மனம் வரவில்லை.

அவர் ஓட்டுவதை அன்றுதான் பார்த்தேன். குழிகளுக்குப் பெயர்போன எங்கள் ஹைவேயில், டேஷ்போர்டில் நான் வைத்த பேனா உருளவில்லை. ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதில் ஆணி அடித்ததுபோல் நின்றது. வந்த வேலையே மறந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வண்டி வெட்டியது. பின்னால் கண்ணாடிகள் முனகின. கொஞ்ச தூரத்தில் மறுபடியும். அதே நாற்பதில்! நானும் வின்சென்டும் நாற்பதைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிப் போயிருந்தோம். எனக்கு வெட்கமாகிவிட்டது. அண்ணனுக்குக் கோபமே இல்லை. "நீங்க ரெண்டுபேரும் வெரட்டிட்டுப் போனிய, அதான் ஒங்களுக்கு வரல" என்றார்.

முள் மீட்டர்

திரும்பி வந்ததும் பரணில் கிடந்த, மின்சாரம் அளக்கும் பழைய முள் மீட்டரை எடுத்தேன். வெட்டு அதே மிதியில் வருவதால் சந்தேகம் த்ராட்டில் சென்சார் மேல்தான். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று இஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னப் பெட்டி அது. மீட்டரை அதில் மாட்டி, பெடலை மெதுவாக, மிக மெதுவாக அமுக்கினேன். முள் ஏறியது. ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று விழுந்து மறுபடி ஏறியது. ஸ்கேனர் கோட்டைவிட்டது அந்த இடத்தைத்தான்.

புதுசு மாட்டினேன், வெட்டு நின்றது. பழையதை உடைத்துப் பார்த்தேன். உள்ளே கறுப்புப் பட்டை ஒன்றின்மேல் ஒரு கம்பி உரசி ஓடும். நான் உடைத்த சென்சார்களிலெல்லாம் அந்தப் பட்டை கோழி கிளறிய குப்பைமேடாக இருக்கும். இதில் பட்டை முழுக்கப் புதுசு மாதிரி இருந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. ஆறு வருஷமாக அண்ணனின் கால் அசையாமல் நின்ற இடம். அந்தக் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று தோன்றியது.

வின்சென்டை வரவழைத்துக் காட்டினேன். வெளுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "திங்கக்கிழமெ லோடு இருக்கு. நீங்கதாண்ணே போணும்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொண்டார்.

தாசையன் அண்ணன் சென்சாரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவரோ தப்புச் செய்தவர் மாதிரி என்னிடம் கேட்டார்: "அப்போ இனி கொறச்சு மாத்தி மாத்தி மிதிக்கணுமா மக்கா?"

நன்றாக ஓட்டியதால் பழுதான பாகம் என் கைக்கு வந்தது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் நீங்களும் நானும் ஓட்டிக் கெடுத்தவை.