சுபேசனா, என் தம்பியா

என் கணவர் மதுரனிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கக்கூடாது. பந்தெறிவதில் சுபேசன் பெரியவனா, என் தம்பி கிருஷிகன் பெரியவனா என்று கேட்டால், முழங்காலைத் தடவிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்ப்பார். பதில் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான் என்பதால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

நோர்வேயில் ரொம்சோஸில் பிறந்து, ரொம்சோஸ் மாடிக் கட்டடங்களிலேயே லிஃப்ட் திருத்துகிறவர் அவர். மற்ற ஆண்களைப்போல் அரசியல் கதைக்கமாட்டார். கலியாண வீட்டுக்குப் போனாலும் மூலைக் கதிரைதான். ஆனால் கோடை வந்துவிட்டால் மனிதர் வேறு. முகத்தில் கம்பிக்கூண்டு மாட்டி, இடது கையில் தடித்த தோலுறை போட்டு, காட்டோர மைதானத்தில் குந்தியிருப்பார். எங்கள் பேஸ்போல் அணியில் பந்தைப் பிடிக்கிறவர் அவர். எதிரே மண்மேட்டில் நின்று எறிந்தவர்கள் சுபேசனும் என் தம்பியும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேஸ்போல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சுபேசனின் முழங்கையால் வந்தது. தமிழ் விளையாட்டுக் கழகத்தில் கிரிக்கெட் பந்து போடும்போது அவனுக்கு முழங்கை மடியும். “எறியிறான், எறியிறான்” என்று மாமாமார் கத்திக் கத்தியே அவனைத் துரத்திவிட்டார்கள். பக்கத்து மைதானத்தில் எறிவதற்கென்றே ஒரு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. அங்கே போனான். சிநேகிதனை விட்டுப் பிரியாத தம்பியும் போனான். விக்கெட் கீப்பராக நின்ற மதுரன், இவர்கள் இல்லாமல் யாருடைய பந்தைப் பிடிப்பது என்று பின்னாலேயே போய்விட்டார்.

அந்தக் கோடைகள் எனக்கு ஒன்றோடொன்று கலந்துதான் ஞாபகம் இருக்கின்றன. சரிவில் புல்லில் சாய்ந்திருப்பேன். மரங்களிலிருந்து பஞ்சு பறந்து வரும். வெயில் போக மனமில்லாமல் நிற்கும்; இரவாகிவிட்டதா, இன்னும் பின்னேரமா என்று தெரியாமல் எல்லாம் பொன்னிறமாகக் கிடக்கும். சுபேசனின் பந்து கண்ணில் படாது, மதுரனின் கையுறையில் விழும் சத்தம்தான் கேட்கும். தம்பியின் பந்து ஆறுதலாக வரும். வந்து, அடிக்க நிற்பவனுக்கு முன்னால் ஏதோ யோசித்துவிட்டுக் கீழே இறங்கும். அது வந்து சேருவதற்குள் நான் ஒரு சின்னக் கனவு கண்டு முடித்திருப்பேன். அந்தப் புல்லில் கிடந்ததைப்போல் சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

சுபேசன் எறிந்தது நாலே நாலு கோடை. தோள் போய்விட்டது, இப்போது மோர்டென்ஸ்ருட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அவன் இரண்டு கிண்ணம் வென்று தந்தான், தம்பி ஒன்று. ஆனால் அதற்குப் பிறகு பத்து வருஷம், மழையிலும் ஆள் சேராத நாளிலும் அந்த மேட்டில் நின்றவன் யார்? முயல் ஓடிய ஓட்டத்தையே எல்லாரும் கதைக்கிறார்கள். ஆமையைப் பற்றிக் கதைக்க நான் ஒருத்திதான்.

இந்த வருஷம் பேஸ்போல் கழகத் தலைவி யூலியா ஒரு யோசனை சொன்னாள். மேட்டில் நின்று எறிந்தவர்களில் சிறந்த ஒருவருடைய சட்டையைக் கண்ணாடி போட்டுக் கழக வீட்டுச் சுவரில் மாட்டுவது, அதிலுள்ள இலக்கத்தை இனி ஒருவரும் போடாமல் விடுவது. ஒரு சட்டைக்குத்தான் இடம். உறுப்பினர்கள் பாதிக்குப் பாதி பிரிந்து நின்றார்கள். “இரண்டு பேருடைய பந்தையும் பிடித்தவர் மதுரன், அவர் சொல்லட்டும்” என்றுவிட்டாள் யூலியா.

அன்றைக்கே அவரைப் பிடித்துக்கொண்டேன். “இஞ்சேருங்கோ, தம்பீன்ரை பேரைத்தான் சொல்லவேணும். அவனுக்கு இதை விட்டா வேறை என்ன இருக்கு?”

அது உண்மைதான். அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ஹொல்ம்லியாவில் ஓர் அறை வீடு, மற்றதெல்லாம் அந்த மண்மேடு. மதுரன் முழங்காலைத் தடவிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார்.

எனக்கு உள்ளூரப் பயம். பேர்கனிலிருந்து வந்த அணியோடு நடந்த இறுதி ஆட்டம்தான் காரணம். மற்ற அணிகளில், எப்படிப்பட்ட பந்து வேண்டும் என்று பிடிக்கிறவர் விரலால் சைகை காட்டுவார். எங்கள் ஆட்களுக்கு அந்த வில்லங்கமே இல்லை. மதுரன் தமிழிலேயே கத்துவார்: “உள்ளுக்கை விடு!” “கீழை இறக்கு!” நோர்வேக்காரருக்கு விளங்கவா போகிறது என்ற துணிவு. அன்றைக்கு மட்டையோடு வந்தவரை எல்லாரும் ஸ்பெயின்காரர் என்று நினைத்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்.

சுபேசன் எறிந்தபோது, எங்கே வரும் என்பதைக் காதால் கேட்டும் அந்த மனிதர் மூன்று தரமும் காற்றைத்தான் அடித்தார். பிறகு சுபேசனின் தோள் பிடித்துக்கொள்ள, தம்பி மேட்டுக்கு வந்தான். “கீழை இறக்கு” என்றார் மதுரன். இறங்குவதற்குள் பந்து காட்டுக்குள் போய்விட்டது. கிண்ணமும் கூடவே போனது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வந்து, “சார், அடுத்த தடவை நார்வே பாஷையிலேயே சொல்லிடுங்க, எனக்கு அது இன்னும் சரியா வரலை” என்றார். அவரை அடிக்கலாம்போல் இருந்தது எனக்கு.

சனிக்கிழமை கழக வீட்டில் எல்லாரும் கூடினார்கள். மதுரன் எழுந்து நின்று, “சுபேசன்” என்றார். எங்கே வரும் என்று தெரிந்தாலும் அவனுடைய பந்தை அடிக்க முடியாது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். சுபேசன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தம்பியும் கைதட்டினான். பிறகு எழுந்து வெளியே போனான்.

அவன் பின்னால் ஓடினேன். மதுரனும் வந்தார். யாருமில்லாத மைதானத்தில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. தம்பி மேட்டில் இருந்தான்.

“மச்சான், கோவமே?” என்றார் மதுரன்.

“நீ என்ரை பேரைச் சொல்லிப்போடுவியோ எண்டு பயந்துகொண்டெல்லோ இருந்தனான்.”

“ஏன்ரா?”

“இவ்வளவு காலமும் நல்ல பந்து, கூடாத பந்து எண்டு நீ சொன்னதை நம்பித்தானே எறிஞ்சனான். இண்டைக்கு அக்காவுக்காகப் பொய் சொல்லியிருந்தா, நீ நல்லதெண்ட பந்திலை எதையடா நான் நம்புறது?”

மதுரன் அவனுக்குப் பக்கத்தில் குந்தினார். அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்லிக் கேட்டவள் நான். தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.