புனிதமலர் காட்டிய குருவிகள்

புனிதமலருக்குக் கோபம் வருவது புதுமையில்லை. கோபத்தை மூக்கு நுனியிலேயே வைத்துக்கொண்டு திரிவதாக மகள் டிலக்ஷி சொல்லுவாள். பஸ் பிந்தினால் கோபம், கடைக்காரன் நசிந்த தக்காளியைப் பைக்குள் தள்ளினால் கோபம், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போய், கெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையக வாசலில் அரைநாள் நின்றால் கோபம். அதெல்லாம் வந்த வேகத்திலேயே போய்விடும். ஆனால் 2016 ஏப்ரலில் குருவி பார்க்க வந்த எட்டுப் பேர் மூட்டிவிட்டுப் போன கோபம் மட்டும் இன்றுவரை போகவில்லை. போகவும் கூடாது.

அவள் முல்லைத்தீவுப் பக்கம். சண்டை முடிந்த இரண்டாம் வருடம், முன்னரே இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவுக்கு வந்திருந்த கணவர் கதிரேசு கூப்பிட, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். அல்பெர்கேரியா என்ற பகுதியில், சந்தைக்குப் பின்னால், கை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர் தட்டும் ஒழுங்கையில் நாலாம் மாடி வீடு. மூன்று வருடம்தான் சேர்ந்து வாழ்ந்தார்கள். 2014இல் கதிரேசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே போய்விட்டார். படிக்கட்டு குறுகல், சவப்பெட்டி வளைவில் திரும்பவில்லை. கீழே கடை வைத்திருந்த சால்வோ தன் தம்பிமாரைக் கூட்டிவந்து, பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, நாலு மாடியும் ஒரு இடத்தில்கூடச் சுவரில் முட்டாமல் இறக்கினான். அன்று முழுக்கக் கடையும் பூட்டு. இரண்டாம் மாடியில் இருந்த அவன் மனைவி ரொசாலியா ஒரு கிழமைக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள்.

அதை மறக்கிற ஆள் இல்லை புனிதமலர். ரொசாலியாவுக்கு முழங்கால் வருத்தம். பல்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவாள். வேலையால் வரும்போது புனிதமலர் பாண் வாங்கி அதில் வைத்துவிட்டு ஒரு குரல் கொடுப்பாள். கூடை மேலே போகும். சில நாள் திரும்பிக் கீழே வரும்போது அதில் இரண்டு எலுமிச்சை இருக்கும்.

சால்வோ கிழமை நாட்களில் உடைந்த கதிரைகளைத் திருத்தி விற்பான். ஞாயிறு காலையில் குருவி. அவன் மட்டுமில்லை, ஒழுங்கை முடிகிற சந்தில் பத்துப் பேர் சுவர் முழுக்கக் கூடு தொங்கவிடுவார்கள். முகத்தில் சிவப்பும் சிறகில் மஞ்சளும் கொண்ட, விரலளவு கார்தெல்லீனோக் குருவிகள். பிடிப்பதும் விற்பதும் சட்டத்துக்கு மாறு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒழுங்கையில் சட்டத்துக்கு மாறாக வேறு எத்தனையோ நடக்கும். யார் என்ன கேட்டாலும் புனிதமலரின் பதில் ஒன்றுதான்: தெரியாது.

அதற்குக் காரணம் இருந்தது. சண்டை முடிந்தபோது முகாம் வாசலில் வைத்து அவளுடைய தம்பி இராஜநாயகத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வாகனத்துக்குள் முகத்தை மூடிக்கொண்டு இருந்த யாரோ ஒருவன் தம்பியைப் பார்த்து, இவன்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். அதன் பிறகு தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தலையாட்டியவன் ஏன் ஆட்டினான், யார் ஆட்டச் சொன்னது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. விளக்கு வைக்கும்போது, அவன் நாசமாய்ப் போகட்டும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் மற்றக் கும்பிடெல்லாம்.

அவள் வேலை பார்த்தது இரண்டு தெரு தள்ளி இருந்த பி அன்ட் பி என்கிற ஒரு சிறு விடுதியில். அறை துடைப்பது, படுக்கை விரிப்பது, காலைச் சாப்பாடு. ஏப்ரல் நடுவில் ஒல்லாந்திலிருந்து எட்டுப் பேர் பன்னிரண்டு நாளுக்கு வந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் கடலில் குளிப்பார்கள், தேவாலயம் பார்ப்பார்கள், வெயிலில் கிடப்பார்கள். இவர்கள் காலை ஐந்து மணிக்கு எழும்பினார்கள். கழுத்தில் தூரம் பார்க்கிற ஒரு குழாய், தோளில் ஒரு குழாய், முக்காலியில் நிறுத்த இன்னொரு குழாய். உப்பளத்துக்கும் மலைமுனைக்கும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, எத்தனை தேன்பருந்து, எத்தனை பூநாரை என்று கொப்பியில் எழுதினார்கள். முல்லைத்தீவுக் களப்பில் பூநாரைகளுக்குப் பக்கத்தில் இறால் பிடித்து வளர்ந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு விமானம் ஏறி வருவார்களா என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஆனாலும் அவர்களை அவளுக்குப் பிடித்திருந்தது. முக்கியமாகத் தலைவர் பீற்றரை. இளைப்பாறிய பள்ளிக்கூட வாத்தியார், இத்தாலியன் நன்றாகக் கதைப்பார், தன் கோப்பையைத் தானே கழுவி வைப்பார். அவள் சுட்டுக் கட்டிக்கொடுத்த ரொட்டியை மலைமுனையில் குந்தியிருந்து எட்டுப் பேரும் அடிபிடிபட்டுச் சாப்பிட்டதாகச் சொன்னார். ஊரில் என்ன நடந்தது, கணவர் எப்படிச் செத்தார் என்று கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அந்த மனுசனிடம்தான் அவள் வாயைக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஆபிரிக்கப் பக்கத்திலிருந்து சிரொக்கோ என்கிற சூட்டுக்காற்று அடித்தது. வானம் முழுக்கப் புழுதி. எட்டுப் பேரும் வாடிய முகத்தோடு திரும்பினார்கள். ஒரு கார்தெல்லீனோவைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று பீற்றர் பெருமூச்சு விட்டார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. வந்த விருந்தாளி முகம் வாடினால் பொறுக்கமாட்டார்கள். இல்லாததையும் எங்கேயாவது போய் எடுத்து வந்து வைக்க வேண்டும். புனிதமலருக்கு அந்த வருத்தம் முற்றிய நிலையில் இருந்தது.

"நாளைக்கு ஞாயிறுதானே. எங்கடை ஒழுங்கைக்கு வாங்கோ. நூறு கார்தெல்லீனோ காட்டுறன். குழாய் ஒண்டும் தேவையில்லை, கைக்கெட்டின தூரம்" என்றாள்.

பீற்றரின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சிரித்தார். வருகிறோம் என்றார்.

அவளே முன்னால் நடந்து கூட்டிப்போனாள். குருவி பார்க்க வந்தவர்களுக்குக் குருவி காட்டுகிறோம் என்பதைத் தவிர அவள் மனதில் ஒன்றும் இல்லை. சால்வோவிடம் இவர்கள் என்னுடைய ஆட்கள் என்று அறிமுகப்படுத்தினாள். முன்பின் தெரியாதவன் கமரா தூக்கினால் அந்தச் சந்தில் கூட்டோடு மறைந்துவிடுவார்கள். மாலா கொண்டுவந்த ஆட்கள் என்றபடியால் சால்வோ கூட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். ஒழுங்கைக்கு அவள் மாலாதான், முழுப்பெயர் அவர்கள் வாயில் நுழையாது.

"இதில் எவை புதிதாகப் பிடித்தவை என்று கேட்டுச் சொல்லமுடியுமா?" என்றார் பீற்றர் மெதுவாக. கதிரைக்காரனின் சிசிலிய மொழி தனக்கு விளங்காது என்றார்.

அவள் கேட்டாள்.

"உனக்குச் சொல்லுறதுக்கு என்ன, மாலா" என்றான் சால்வோ. "இந்த ஆறும் வியாழக்கிழமை வலையிலை விழுந்தது. மிச்சம் உள்ளுக்கை பெட்டியிலை கிடக்கு. ஒரு அறுபது வரும்."

அதையும் அவள் ஒரு சொல் விடாமல் பீற்றருக்குச் சொன்னாள். படம் எடுத்தார்கள். சால்வோவுக்குப் பக்கத்தில் அவளையும் நிறுத்தி ஒன்று எடுத்தார்கள். அவள் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை காலை ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வாகனம் நின்றது. சீருடைக்காரர்கள் வேறு எந்தக் கதவையும் தட்டவில்லை. நேரே சால்வோவின் கடை, நேரே உள்ளே இருந்த பெட்டிகள். அறுபத்திரண்டு குருவியையும் ஏற்றினார்கள், அவன்மேல் வழக்கும் எழுதினார்கள். பத்துப் பேர் விற்கிற சந்தில் ஒருவன் மட்டும் பிடிபட்டால், ஏன் என்று யோசிக்க ஒழுங்கைக்கு அதிக நேரம் எடுக்காது.

அன்று பின்னேரம் புனிதமலர் பாணோடு வந்தாள். ரொசாலியாவின் கூடை பாதிவரை இறங்கியிருந்தது. அவளைக் கண்டதும் கயிறு இழுபட்டது. கூடை மேலே போய்விட்டது. பல்கனிக் கதவும் சாத்தப்பட்டது. பாணைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கீழே நின்றுவிட்டு அவள் படியேறினாள்.

அடுத்த நாள் டிலக்ஷி பள்ளிக்கூடத்தால் அழுதுகொண்டு வந்தாள். கூடப் படிக்கிற ஒழுங்கைப் பெட்டை ஒருத்தி எல்லோருக்கும் முன்னால், உன் அம்மா ஸ்பீயா, உளவுக்காரி என்று சொல்லியிருந்தாள்.

"அம்மா, இதைப் பாருங்கோ" என்று போனை நீட்டினாள். ஒல்லாந்துக்காரரின் பேஸ்புக் பக்கம். அறுபத்திரண்டு பறவைகள் காப்பாற்றப்பட்டன என்று எழுதி, கீழே படம். சால்வோவின் முகத்தை மறைத்திருந்தார்கள். புனிதமலரின் முகம் பளிச்சென்று சிரித்துக்கொண்டு இருந்தது. "உங்களைத் துணிஞ்ச பெண் எண்டு எழுதியிருக்கு. நீங்கள் இல்லாட்டி இது நடந்திருக்காதாம்."

புனிதமலர் விளக்கு வைக்கப் போனாள். வழக்கமாகச் சொல்லும் சாபத்தைச் சொல்லாமலே திரியை ஏற்றினாள். அந்த வாகனத்துக்குள் இருந்தவனையும் யாராவது சிரித்துக் கதைத்துத்தான் கொண்டுவந்து இருத்தினார்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. ஏழு வருடமாக அவளிடம் மிச்சம் இருந்தது அந்தச் சாபம் ஒன்றுதான். பீற்றர் அதையும் பிடுங்கிக்கொண்டார். அப்போது வந்தது கோபம்.

வெள்ளிக்கிழமை அவர்களுடைய கடைசிக் காலைச் சாப்பாடு. மேசையில் கோப்பியை வைத்துவிட்டுப் புனிதமலர் அப்பால் போகவில்லை. பீற்றர் பரிசு ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். பறவைப் படப் புத்தகம், எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டது.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?" என்றாள்.

பீற்றருக்கு விளங்கிவிட்டது. "அந்தப் பறவைகளுக்காகத்தான் செய்தேன், மலர். பிடிபடுகிறவற்றில் பாதி ஒரு கிழமைகூடத் தாங்காது."

"குருவி பாவம். அது எனக்கும் தெரியும். நான் கேட்டது குருவியை இல்லை. என்ரை வாயாலை கேப்பிச்சு, என்ரை வாயாலை சொல்விச்சனீங்கள். பொலிசுக்குப் போகப் போறன் எண்டு ஒரு சொல்லு எனக்குச் சொன்னனீங்களே?"

"சொல்லியிருந்தால் நீங்கள் கேட்டுச் சொல்லியிருக்கமாட்டீர்கள்."

"அப்ப தெரிஞ்சுதான் செய்தனீங்கள்."

போட்ட படத்தை நீக்கிவிடுகிறேன் என்று அவர் போனை எடுத்தார். நீக்கியும் விட்டார். நல்ல மனுசன்தான், அதுதான் கோபத்தை இன்னும் கூட்டியது.

"படம் கிடக்கட்டும். என்னோடை வாங்கோ. ஐஞ்சு நிமிச நடை. சால்வோவுக்கு முன்னாலை நிண்டு, மாலாவுக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் செய்தனான் எண்டு சொல்லுங்கோ. அது போதும்."

குசினிக்குள் இருந்து விடுதிச் சொந்தக்காரச் சிஞோரா ஓடிவந்தாள். "உனக்குப் பைத்தியமா, மலர்? அங்கே போனால் இவருக்கு என்ன நடக்கும் என்று தெரியுமா?"

பீற்றர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து மணிக்கு வான் வரும் என்றார். குழுவுக்குத் தான்தான் பொறுப்பு, அந்த இடத்துக்குப் போவது பாதுகாப்பில்லை என்றார்.

"நீங்கள் ஐஞ்சு நிமிசம் நிக்கப் பயப்பிடுற இடத்திலைதான் நானும் என்ரை பிள்ளையும் படுத்தெழும்புறம்" என்றாள் புனிதமலர். புத்தகத்தை எடுத்து அவருடைய பைக்கு மேலே வைத்தாள். பிறகு எட்டுப் பேரின் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அன்று அவர் தன் கோப்பையைத் தானே கழுவ எழும்பவில்லை.

பின்னேரம் தனியாகச் சால்வோவின் கடைக்குப் போனாள். வெறும் சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. அவன் ஒரு கதிரைக் காலை மட்டத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டு இருந்தான். வேறு யாரோ சொல்லியிருக்கலாம் என்று பூசி மெழுக அவளுக்கு மனமில்லை.

"நான்தான் கூட்டியந்தனான். நான்தான் கேட்டுக் குடுத்தனான். அவை பொலிசுக்குப் போவினம் எண்டு எனக்குத் தெரியாது. குருவி பாக்க வந்தவை எண்டுதான் நினைச்சனான்."

சால்வோ நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியும்" என்றான்.

"நான் காட்டிக்குடுக்கேல்லை, சால்வோ."

"அதுவும் தெரியும், மாலா." கதிரையைத் திருப்பி மற்றக் காலைத் தேய்க்கத் தொடங்கினான். அவள் நின்றாள். அவன் ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசிவிட்டுப் போயிருப்பாள்.

ஞாயிறு காலை அவள் மரக்கறி வாங்கப் புறப்பட்டாள். சந்தில் சால்வோவின் ஆணிகளில் மூன்று கூடு மறுபடி தொங்கியது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளைக் கண்டதும் சால்வோ முகத்தைத் திருப்பாமல், அவசரப்படாமல், தோளில் கிடந்த துணியை எடுத்து ஒரு கூட்டின் மேல் போட்டான். பிறகு மற்ற இரண்டையும் மூடினான். தெரியும் என்று சொன்ன அதே மனுசன். அவனைப் பார்த்து அடுத்தவனும் மூடினான். அதற்கு அடுத்தவன் கூட்டைக் கழற்றிக் காலுக்குப் பின்னால் வைத்தான்.

மரக்கறிச் சந்தைக்குப் போக வேறு பாதையும் இருக்கிறது. தேவாலயத்தைச் சுற்றிப் போகலாம், நாலு நிமிடம்தான் கூட. மகளும் அதைத்தான் சொல்லிப் பார்த்தாள்.

புனிதமலர் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதே சந்தால், நட்டநடுவாலே, தலை குனியாமல் போகிறாள். துணிகள் ஒவ்வொன்றாகக் கூடுகளின் மேல் விழுகின்றன. யாராவது மூடப் பிந்தினால், அவன் மூடி முடிக்கும் வரை நின்றுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறாள்.